வெந்நீர் ஊற்றுகளின் கதை – 9: கை விழுந்தவர்களின் குளம்

1742ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பாத் நகரில் ஒரு தர்ம மருத்துவமனை திறந்தார்கள். நாட்டின் எந்த மூலையிலிருந்தும் ஏழை நோயாளி வரலாம். வைத்தியம், படுக்கை, சாப்பாடு எல்லாம் இலவசம். ஆனால் பாத் ஊர்க்காரர்களுக்கு மட்டும் அங்கே இடம் கிடையாது. குளத்துக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருப்பவன் நொண்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உள்ளூர்க்காரன் தன் வீட்டிலிருந்தபடியே குளத்தில் இறங்கிக்கொள்ளலாம். வெளியூர் ஏழைக்குத்தான் தங்க இடமில்லை என்பது அதற்குச் சொன்ன நியாயம்.

அந்த மருத்துவமனை தன் நோயாளிகளைப் பற்றி ஒரு பதிவேடு வைத்திருந்தது. யார் வந்தார்கள், என்ன நோய், எப்போது போனார்கள், போகும்போது எப்படியிருந்தார்கள் என்று வருடக்கணக்காக எழுதி வைத்தார்கள். ஐரோப்பாவின் வெந்நீர் ஊர்கள் எல்லாமே தங்கள் தண்ணீர் தீராத நோயைத் தீர்க்கும் என்று சொல்லிக்கொண்டவைதான். அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை என்று எண்ணிப் பார்க்க இடம் கொடுத்த ஊர்கள் மிகச் சில. பாத் அதில் முதன்மையானது. அதற்குக் காரணம் அங்கே வந்து குளித்த ராணிகளோ பிரபுக்களோ அல்லர். கைகள் இரண்டும் விழுந்துபோய் வந்த கூலியாட்கள்.

சென்ற பகுதியில் ரோமானியர் இந்த ஊரை ‘அக்வே சூலிஸ்’ என்று அழைத்ததையும், சூலிஸ் மினர்வா தேவிக்குக் கோயில் எழுப்பியதையும், திருடனைச் சபித்துத் தகட்டில் எழுதி ஊற்றுக்குள் எறிந்ததையும் பார்த்தோம். அந்தச் சாபத் தகடுகள் காரீயம் கலந்த உலோகம். பெரிய குளத்தின் அடியில் பரப்பியிருந்த தகடுகள் காரீயம். தண்ணீரைக் கொண்டுவந்த குழாய்களும் காரீயம். இந்தப் பகுதி முழுவதும் அந்த உலோகம் நம் கூடவே வரும். ரசம் வைக்கும் ஈயச் சொம்பை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது வெள்ளீயம், தீங்கில்லாதது. இது கரிய, கனத்த, உடம்பில் சேர்ந்தால் எளிதில் வெளியேறாத நஞ்சு.

மழையும் உலோகமும் ஒரே குன்றில்

பாத்தில் மூன்று வெந்நீர் ஊற்றுகள் உண்டு. பெரியது அரசர் ஊற்று. 46 டிகிரி செல்சியஸ் சூட்டில், நாளொன்றுக்குச் சுமார் 11 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர் தண்ணீர் அதிலிருந்து பொங்கி வருகிறது. இது எரிமலை நீர் அல்ல. தெற்கே உள்ள மெண்டிப் குன்றுகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை. சுண்ணாம்புப் பாறையின் இடுக்குகள் வழியே 2 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, பூமியின் உட்சூட்டில் காய்ந்து, பாறைப் பிளவைப் பிடித்து ஏவான் ஆற்றங்கரையில் மேலே வருகிறது. வரும் வழியில் கால்சியம், சல்பேட், சோடியம், குளோரைடு எனப் பலவற்றைக் கரைத்துக்கொள்கிறது. இரும்பும் கொஞ்சம் உண்டு. தண்ணீர் வழிந்தோடும் கற்களில் செம்மஞ்சள் கறை படிந்திருப்பது அதனால்தான்.

அதே மெண்டிப் குன்றுகளில்தான் ரோமானியர் காரீயச் சுரங்கம் வெட்டினார்கள். பாத் குளத்துக்குத் தண்ணீர் தந்த மலையே அதன் அடித்தளத் தகட்டையும் தந்தது.

ரோமானியர் போன பிறகு கட்டடங்கள் இடிந்து சேற்றில் புதைந்தன. ஊற்று நிற்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில் ரோமானிய இடிபாட்டின் மேலேயே ‘அரசர் குளம்’ கட்டப்பட்டது. அரண்மனையைவிட்டுத் துரத்தப்பட்ட பிளாடுட் என்ற தொழுநோய் இளவரசன் பன்றி மேய்த்ததாகவும், சுடுசேற்றில் புரண்ட பன்றிகளின் தோல் தேறியதைப் பார்த்துத் தானும் இறங்கிக் குணமானதாகவும் ஒரு கதை ஊரில் நிலைத்தது. அந்த இளவரசன்தான் லியர் மன்னனின் தந்தை என்றும் சொல்வார்கள். தலபுராணம் இல்லாத தீர்த்தம் எந்த நாட்டிலும் இல்லை போலும்.

1668 ஜூனில் சாமுவேல் பீப்ஸ் வந்தார். கடற்படை அலுவலகத்தில் பெரிய அதிகாரி; இன்று அவர் பெயர் நிற்பது அவர் எழுதிய நாட்குறிப்பால். விடிகாலை நான்கு மணிக்கே குளத்துக்குப் போனவருக்கு, இத்தனை உடம்புகள் ஒரே தண்ணீரில் ஊறினால் அது எப்படிச் சுத்தமாக இருக்கும் என்ற சந்தேகம் எழுந்தது. சந்தேகத்தோடேயே இறங்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்துவிட்டு, துணியில் சுற்றப்பட்டு நாற்காலிப் பல்லக்கில் விடுதி திரும்பினார்.

1687இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் மனைவி மேரி பிள்ளை வரம் வேண்டி வந்தார். மறு ஆண்டு ஆண் குழந்தை பிறந்தது. ஊற்றின் புகழ் கூடியது; மன்னரின் முடி போயிற்று. கத்தோலிக்க வாரிசு பிறந்துவிட்டானே என்ற அச்சம் 1688 புரட்சியை விரைவுபடுத்திய காரணங்களுள் ஒன்று. அடுத்து ஆன் அரசி 1702இலும் 1703இலும் வந்து போனார். அரசி போகும் ஊருக்குப் பிரபுக்கள் போகாமல் இருப்பார்களா?

நாஷ் நடத்திய தர்பார்

பிரபுக்கள் வந்த இடத்துக்குச் சூதாடிகளும் வந்தார்கள். 1705 வாக்கில் வந்தவர் ரிச்சர்ட் நாஷ், வயது முப்பதைத் தாண்டியவர். அப்போது ஊர்க் கேளிக்கைகளை நடத்திக்கொண்டிருந்தவர் வாள்சண்டையில் செத்துப்போக, அந்த இடம் நாஷுக்குக் கிடைத்தது. அரை நூற்றாண்டுக் காலம் பாத்தின் முடிசூடா மன்னராக இருந்தார்.

அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று ஊருக்குள் வாள் அணிவதைத் தடுத்தது. சவாரி பூட்ஸோடு நடன அரங்குக்கு வரக் கூடாது. இரவு பதினொரு மணி அடித்தால் இளவரசியே கேட்டாலும் இன்னொரு ஆட்டம் கிடையாது. ஒரு நாளின் நடைமுறை எல்லோருக்கும் ஒன்றே. காலையில் குளம். பெண்கள் உடலோடு ஒட்டாத முரட்டுத் துணி அங்கியில், கழுத்தளவு நீரில் நிற்பார்கள். கைக்குட்டையும் பொடி டப்பாவும் வைத்த சின்னத் தட்டு ஒன்று பக்கத்தில் மிதக்கும். பிறகு 1706இல் கட்டிய பம்ப் ரூமில் வாத்திய இசை கேட்டபடி சூடான ஊற்று நீரைக் கோப்பை கோப்பையாகக் குடிப்பது. பிறகு காலைச் சிற்றுண்டி, தேவாலயம், உலாவல், சாப்பாடு, மறுபடி பம்ப் ரூம், தேநீர், சீட்டாட்டம், நடனம்.

வந்த கூட்டத்துக்கு வீடு வேண்டுமே! கட்டடக் கலைஞர் ஜான் வுட்டும், தபால் ஒப்பந்தத்தில் பணம் சேர்த்துக் கல் குவாரிகளை வாங்கிய ரால்ஃப் ஆலனும் தேன் நிறக் கல்லில் ஒரு புதிய நகரத்தையே எழுப்பினார்கள். 1754இல் தொடங்கிய வட்ட வளாகமும், வுட்டின் மகன் 1767 முதல் 1774 வரை கட்டிய அரைவட்ட மாளிகை வரிசையும் இன்றும் பாத்தின் முகமாக நிற்கின்றன.

இந்தப் பகட்டுக்கு நடுவே ஒரு தொல்லை இருந்தது. ஏழைகளுக்குக் குளத்தை இலவசமாகத் திறந்துவிடும் சட்டம் எலிசபெத் காலத்திலேயே வந்துவிட்டது. நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் தவழ்ந்தும் தூக்கிவரப்பட்டும் வந்தார்கள். பிழைக்க வழியில்லாமல் பிச்சையெடுத்தார்கள். நோயாளி யார், வேடதாரி யார் என்று தெரியவில்லை. ஊரின் பெயரும் கெடக் கூடாது, உண்மையான நோயாளியும் சாகக் கூடாது என்றால் மருத்துவமனைதான் வழி என்று முடிவாயிற்று. நாஷ் பிரபுக்களிடம் வசூல் செய்தார்; ஆலன் கல்லை இலவசமாகக் கொடுத்தார்; வுட் வரைபடத்துக்குக் காசு வாங்கவில்லை; டாக்டர் வில்லியம் ஆலிவர் வைத்தியப் பொறுப்பை ஏற்றார். அவர் பெயரில் இன்றும் ஒரு பிஸ்கட் அங்கே விற்கிறது. 1738இல் அடிக்கல் நட்டு, நான்கு ஆண்டுகளில் கதவு திறந்தார்கள்.

தர்மம் என்றாலும் கணக்கு இறுக்கமானது. நோயாளி வருவதற்கு முன்பே அவன் ஊர் வைத்தியர் நோயை விவரித்துக் கடிதம் அனுப்ப வேண்டும். இந்த நீருக்குக் கட்டுப்படும் நோய் என்று பாத் மருத்துவர்கள் ஒப்புக்கொண்டால்தான் அனுமதி. கையில் முன்பணமும் கொண்டுவர வேண்டும்: குணமானால் ஊர் திரும்பும் வழிச்செலவுக்கு, செத்தால் அடக்கச் செலவுக்கு. உடையில் பித்தளை வில்லை குத்தியிருக்க வேண்டும். அந்த வில்லையோடு வருபவனுக்குச் சாராயக் கடைக்காரன் ஊற்றிக் கொடுக்கக் கூடாது. வெளியேறும்போது பதிவேட்டில் முடிவு எழுதப்படும்: குணம், நல்ல முன்னேற்றம், முன்னேற்றம், பயனில்லை, இறப்பு. நன்கொடையாளர்களுக்குக் கணக்குக் காட்டுவதற்காக எழுதியது அது. மருத்துவ வரலாற்றுக்குக் கிடைத்த புதையல் ஆகிவிட்டது.

டெவன் வயிற்றுவலி

மருத்துவமனைக்காக வில்லியம் ஹோர் 1761 வாக்கில் தீட்டிய ஓவியம் ஒன்று உண்டு. டாக்டர் ஆலிவரும் அறுவை மருத்துவர் ஜெரி பியர்ஸும் மூன்று நோயாளிகளைப் பரிசோதிக்கிறார்கள். ஒருவருக்கு வாதம், ஒருவருக்கு மூட்டு நோய், ஒருவருக்கு அந்தக் காலத்தில் தொழுநோய் என்று அழைத்த தோல் நோய். அந்த மருத்துவமனைக்கு வந்த நோய்களின் சுருக்கமே அந்தப் படம்.

வாத நோயாளிகளில் ஒரு தனி வகையினர் இருந்தார்கள். முதலில் தாங்க முடியாத வயிற்றுவலி, நாள்கணக்கில் மலச்சிக்கல். பிறகு மணிக்கட்டு தளர்ந்து கை தொங்கிவிடும். பிடித்த கோப்பையைத் தூக்க முடியாது, சட்டைப் பொத்தானைப் போட முடியாது. பக்கவாதம்போல ஒரு பக்கம் மட்டுமல்ல, இரண்டு கைகளும் விழும். இவர்களில் பெயின்டர்கள், குழாய் வேலைக்காரர்கள், பாண்டத்துக்கு மெருகு பூசும் குயவர்கள் இருந்தார்கள். இவர்கள் தொழிலில் காரீயம் புழங்கியது எல்லோருக்கும் தெரியும். புரியாதது டெவன் மாவட்டத்திலிருந்து வந்தவர்களின் கதை. அவர்கள் தோட்டக் கூலிகள், விவசாயிகள். உலோகத்தைத் தொட்டே இராதவர்கள்.

டெவன், ஆப்பிள் விளையும் பூமி. ஆப்பிளைப் பிழிந்து புளிக்க வைத்த சைடர் அங்கே தண்ணீர்போல ஓடியது. கூலியில் ஒரு பகுதியையே சைடராகத்தான் கொடுத்தார்கள். 1724இல் ஆப்பிள் அமோகமாக விளைந்தது. வயிற்றுவலியும் கொள்ளைநோய்போலப் பரவியது. பிளைமவுத் மருத்துவர் ஜான் ஹக்ஸம் 1739இல் இதைப் பற்றி எழுதும்போது, புதுச் சைடரின் புளிப்புதான் காரணம் என்றார். பாதி உண்மை. அந்தப் பாதியோடு கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது.

மீதிப் பாதியைக் கண்டுபிடித்தவர் டெவனிலேயே பிறந்த மருத்துவர் ஜார்ஜ் பேக்கர். ஹெரிஃபோர்ட் மாவட்டத்திலும் சைடர் குடிக்கிறார்கள், அங்கே ஏன் கை விழவில்லை என்று கேட்டார். விடை பிழியும் இயந்திரத்தில் இருந்தது. டெவனில் செக்குக் கற்களின் மூட்டுகளைக் காரீயம் உருக்கி ஊற்றி இணைத்தார்கள். பிழிதொட்டிக்குக் காரீயத் தகடு அடித்தார்கள். ஹெரிஃபோர்டில் அந்த வழக்கமில்லை. கலாய் பூசாத பித்தளையில் புளி கரைத்து வைத்தால் என்னவாகும் என்று நம் அடுப்படிகளுக்குத் தெரியும். டெவனில் ஆப்பிளின் புளிப்பு காரீயத்தை அப்படித்தான் கரைத்துக் குடிப்பவன் வயிற்றுக்குக் கொண்டுபோனது. பேக்கர் டெவன் சைடரைச் சோதித்து அதில் காரீயம் இருப்பதைக் காட்டி, 1767இல் லண்டன் மருத்துவர் கழகத்தில் கட்டுரை படித்தார்.

சொந்த ஊர் அவரைக் கொண்டாடவில்லை. தொழிலைக் கெடுக்க வந்தவன் என்று ஏசியது. மறுத்துப் பிரசுரங்கள் வெளிவந்தன. ஆனாலும் காரீயத் தகடுகள் மெல்ல மெல்லக் கழற்றப்பட்டன. அடுத்த தலைமுறைகளில் டெவன் வயிற்றுவலி அருகிப்போயிற்று.

பம்ப் ரூமில் கோப்பையோடு உட்கார்ந்திருந்த சீமான்களையும் அதே உலோகம் விடவில்லை. 1703இல் போர்ச்சுக்கல்லோடு ஏற்பட்ட வணிக உடன்படிக்கைக்குப் பிறகு போர்ட் ஒயின் இங்கிலாந்தில் கொட்டியது. அக்காலத்து மதுவில் காரீயம் கலந்திருப்பது சாதாரணம். காரீயம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். யூரிக் அமிலம் வெளியேறாது. கால் கட்டைவிரல் வீங்கி, போர்வை பட்டாலே அலறவைக்கும் கவுட் வரும். பாத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மூத்த வில்லியம் பிட் கவுட்டால் வாழ்நாளெல்லாம் அவதிப்பட்டவர். எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் அண்ணன் எட்வர்ட் 1799இல் இதே நோய்க்காகத்தான் பாத்துக்கு வந்தார். எல்லாக் கவுட்டுக்கும் காரீயமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் 1859இல் ஆல்ஃபிரட் கேரட் என்ற மருத்துவர் தன் கவுட் நோயாளிகளில் கணிசமானோர் காரீயம் புழங்கும் தொழிலாளர்கள் என்று எழுதிய பிறகு, இரண்டுக்கும் உள்ள தொடர்பை யாரும் ஒதுக்கிவிட முடியவில்லை.

தண்ணீர் உண்மையில் என்ன செய்தது?

மருத்துவமனையில் கை விழுந்தவர்களுக்குக் கிடைத்த வைத்தியம் சிக்கலானதல்ல. ஊர்க் குளத்துக்கு அழைத்துப்போய்க் கழுத்தளவு வெந்நீரில் உட்காரவைப்பார்கள். ஊற்று நீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். நல்ல சாப்பாடு போடுவார்கள். இது மாதக்கணக்கில் நடக்கும்.

1760 முதல் 1879 வரையான பதிவுகளை நம் காலத்து மருத்துவ வரலாற்றாளர்கள் புரட்டிப் பார்த்தார்கள். காரீயத்தால் வாதம் வந்ததாகக் கருதத்தக்கவர்கள் மட்டும் 3,000க்கும் மேல். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் குணமானார்கள் என்றும், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏதோ ஓர் அளவு முன்னேற்றம் கண்டார்கள் என்றும் பதிவேடு சொல்கிறது. தன் பெருமையைத் தானே எழுதிக்கொண்ட நிறுவனத்தின் கணக்கு என்று எவ்வளவு கழித்துப் பார்த்தாலும், மிஞ்சுவது சிறிய எண்ணிக்கை அல்ல.

எப்படிக் குணமானார்கள்? அந்தக் காலத்து மருத்துவர்களிடம் பதில்கள் ஏராளம். கந்தகம் என்றார் ஒருவர், இரும்பு என்றார் ஒருவர், ஊற்றின் நுண்ணிய ஆவி என்றார் இன்னொருவர். மருத்துவரும் நாவலாசிரியருமான டோபியாஸ் ஸ்மாலெட் 1752இல் ஒரு கட்டுரை எழுதி, வெறும் வெந்நீருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை என்ற பக்கம் நின்று சக மருத்துவர்களின் கோபத்தைச் சம்பாதித்தார். 1771இல் வந்த அவருடைய நாவல் ‘ஹம்ஃப்ரி கிளிங்க்கர்’, பாத்தின் அழுக்கைக் கிழித்துத் தொங்கவிட்டது.

இரு நூற்றாண்டுகள் கழித்து ஸ்மாலெட் பக்கம் காற்று வீசியது. 1980களில் பிரிஸ்டல் மருத்துவர்கள் சிலரை 35 டிகிரி பாத் நீரில் கழுத்தளவு இரண்டு மணி நேரம் உட்காரவைத்துச் சோதித்தார்கள். சிறுநீர் இரு மடங்கானது. காரணம் தாது அல்ல, நீரின் அழுத்தம். கழுத்தளவு நீர் கைகால்களையும் வயிற்றையும் அழுத்தும்போது இரத்தம் நெஞ்சுப் பகுதிக்கு ஏறும். உடம்பு அதை ‘நீர் கூடிவிட்டது’ என்று எடுத்துக்கொண்டு, சிறுநீரகத்தை முடுக்கிவிடும். 1986இல் வெளியான ஆய்வு ஒன்று, இப்படி அமிழ்ந்திருப்பவர்களின் சிறுநீரில் காரீயமும் கூடுதலாக வெளியேறுவதைக் காட்டியது.

குடித்த தண்ணீருக்கும் பங்கு இருந்திருக்கலாம். ஒரு லிட்டரில் ஏறக்குறைய 400 மில்லிகிராம் கால்சியம் உள்ள நீர் அது. கால்சியமும் இரும்பும் போதுமான அளவு இருந்தால் குடல் காரீயத்தைக் குறைவாகவே உறிஞ்சும். எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவமனையில் டெவன் சைடர் கிடையாது. பெயின்டருக்குப் பெயின்ட் கிடையாது. பித்தளை வில்லை குத்தியவனுக்குச் சாராயக் கடை மூடியிருந்தது. நஞ்சின் வாயை அடைத்துவிட்டு, உள்ளே இருந்ததை மெல்ல வடித்தெடுத்தார்கள். எதற்காகச் செய்கிறோம் என்று தெரியாமலே சரியானதைச் செய்தார்கள்.

இதனால்தான் குணம் நிலைக்காமலும் போனது. ஊர் திரும்பிய கூலியாளுக்கு அதே செக்கு, அதே சைடர், அதே கூலி.

புகழ் யாருக்கு, சான்று யாருடையது?

நாஷ் 1761இல் இறந்தபோது, நகராட்சி கொடுத்த மாதம் பத்து கினி உதவித்தொகையில் வாழ்ந்துகொண்டிருந்தார். பிரபுக்களின் கண் அடுத்த நூற்றாண்டில் கடற்கரைப் பக்கம் திரும்பியது. 1878 முதல் 1880 வரை அரசர் குளத்தின் கசிவைத் தேடிய நகர அதிகாரி சார்லஸ் டேவிஸ், வீடுகளுக்கு அடியில் ரோமானியரின் பெரிய குளத்தைக் கண்டெடுத்தார். மெண்டிப் காரீயத் தகடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. இன்றும் தண்ணீரைத் தாங்குகின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊற்றில் ரேடியத்தின் சுவடு தெரிந்தபோது, கதிரியக்கத்தையே பெருமையாக விளம்பரம் செய்தது பாத். ஒவ்வொரு காலத்துக்கும் அதனதன் மந்திரச்சொல் தேவைப்படுகிறது.

அரசு மருத்துவச் சேவையின் கீழ் நடந்த குளியல் வைத்தியம் 1976இல் நின்றது. 1978இல் அங்கே நீந்திய ஒரு சிறுமி, வெதுவெதுப்பான நீரில் வாழும் அமீபா மூளையைத் தாக்கி இறந்தாள். குளங்கள் மூடப்பட்டன. ஆழ்துளையிட்டுத் தூய நீர் எடுத்து, 2006இல் புதிய குளியல் நிலையம் திறக்கும்வரை பாத்தில் குளிக்க வெந்நீர்க் குளம் இல்லை. ரோமானியர் குளத்தில் இப்போதும் யாரும் இறங்க முடியாது, பார்க்கலாம், அவ்வளவுதான். ஏழைகளின் மருத்துவமனை, மூட்டு நோய்ச் சிகிச்சைக்குப் பேர்பெற்றதாக மாறி, 2019இல் பழைய கட்டடத்தை விட்டு வேறிடம் போயிற்று.

இன்று வெந்நீர் ஊர்கள் வெளியிடும் வண்ணப் பிரசுரங்களில் நீங்கள் பார்ப்பது நாஷின் பாத். தூண்கள், நடன அரங்கு, ராணிகளின் பட்டியல். ராணிகள் குணமானார்களா என்பதற்கு அரண்மனை வதந்தியைத் தவிர வேறு சான்று இல்லை. கவுட்டோடு வந்த சீமான் அடுத்த ஆண்டும் கவுட்டோடு வந்தார். அவர் பெயரைக் குறித்து வைத்தார்கள், நோயின் முடிவைக் குறிக்கவில்லை. தண்ணீர் வேலை செய்ததா என்ற கேள்விக்கு விடை தந்தவர்கள், தர்மம் வாங்கியதற்காகக் கணக்கில் ஏற்றப்பட்ட டெவன் கூலிகளும் பிரிஸ்டல் பெயின்டர்களும்தான். அவர்கள் விடை ஊருக்கு முழு மகிழ்ச்சி தரக்கூடியதும் அல்ல: இந்தக் குளம் ஒரு நோய்க்கு நன்றாகவே உதவியது, நூறு நோய்க்கு விலைபோனது.

இங்கிலாந்து குளத்தில் இறங்கிக்கொண்டிருந்தபோது, பொஹீமியாவின் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் டேவிட் பெக்கர் என்ற மருத்துவர் நோயாளிகளைத் தொட்டியிலிருந்து வெளியே வரச்சொல்லி, கையில் கோப்பையைக் கொடுத்து நடக்கவைத்தார். 73 டிகிரி சூட்டில் பீறிடும் கார்ல்ஸ்பாத் ஊற்று, மகா பீட்டரையும் கெதேயையும் கார்ல் மார்க்ஸையும் தன் கரைக்கு இழுத்த கதை அடுத்த இதழில்.

(தொடரும்)